கை எலும்பை அளந்து ஆணா பெண்ணா என்று கணிப்பது: முழுமையான வழிகாட்டி

இடுப்பெலும்பு முழுதாகக் கிடைத்தால் கை எலும்பை யாரும் தேட மாட்டார்கள். பால் கணிப்பில் இடுப்புக்குத்தான் முதலிடம். ஆனால் மண் நம்மைக் கேட்டுவிட்டு எலும்பைத் தின்பதில்லை. சிங்கப்பூர் போல ஆண்டு முழுதும் மழை பெய்யும், அமிலத்தன்மை மிகுந்த மண் உள்ள இடத்தில், இடுப்பின் முன்பக்கத்து மெல்லிய பகுதிதான் முதலில் பொடிந்து போகும். தடித்த சுவருள்ள கை எலும்புகள் அதைவிட நெடுநாள் தாங்கும். அதனால்தான் இந்த அளவுகளைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"மண்டையோடு இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். 2011இல் அமெரிக்காவில் ஸ்பிராட்லியும் ஜான்ட்ஸும் வெளியிட்ட ஆய்வு, கை கால் நீள எலும்புகளின் அளவுகள் மண்டையோட்டைவிடச் சரியாகப் பால் பிரிக்கின்றன என்று காட்டியது. நல்ல மேற்கை எலும்பு ஒன்று இருந்தால், அரைகுறை மண்டையோட்டோடு மல்லுக்கட்டுவதைவிட அதை அளப்பதே மேல்.

இந்த வழிகாட்டி உடற்கூறியல், தடய அறிவியல், தொல்லியல் படிக்கும் மாணவர்களுக்கும் ஆய்வுக்கூட உதவியாளர்களுக்கும் உரியது. இதில் பால் என்பது உடல்சார்ந்த பாலை மட்டுமே குறிக்கும். ஒருவர் தம்மை எப்படி அடையாளப்படுத்திக்கொண்டார் என்பதை எலும்பு சொல்லாது.

அளப்பதற்கு முன் சட்டம்

சிங்கப்பூரில் கட்டுமானத் தளத்திலோ காட்டுப்பாதையிலோ எலும்பு கண்ணில் பட்டால், இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு 999ஐ அழையுங்கள். தொடக்கூடாது, கழுவக்கூடாது, கைப்பேசி கேமராவுக்காகத் திருப்பி வைக்கவும் கூடாது. அது பன்றி எலும்பாகவே இருக்கட்டும், அதைச் சொல்ல வேண்டியது உங்கள் வேலை இல்லை. மனித எலும்பென்றால் காவல்துறையும் மரண விசாரணை அதிகாரியும் அதைக் கையாளுவார்கள். மரண விசாரணை அதிகாரிகள் சட்டம் 2010இல் வந்தது. ஆய்வு செய்யும் பொறுப்பு சுகாதார அறிவியல் ஆணையத்தின் தடய மருத்துவப் பிரிவுக்கு உரியது.

கல்லறைகளிலிருந்து தோண்டியெடுக்கப்படும் எலும்புகளுக்கும் இதே கவனம் தேவை. 1998 முதல் சுவா சூ காங் இடுகாட்டில் ஒரு புதைகுழிக்கான காலம் 15 ஆண்டுகள்தான். பிறகு தோண்டியெடுத்து, அவரவர் சமய முறைப்படி எரியூட்டுவார்கள் அல்லது மறுபடி புதைப்பார்கள். அந்த எலும்புகள் குடும்பத்தாருக்கு உரியவை. அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இல்லாமல் காலிப்பர் என்னும் அளவுக்கருவிகூட அருகே போகக்கூடாது.

இதோடு ஒட்டிய இன்னொன்று. உலகின் பல கல்லூரிகளில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் பழைய பயிற்சி எலும்புக்கூடுகள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியானவை. அந்த ஏற்றுமதியை இந்தியா 1985இல் தடைசெய்தது. யாருடைய எலும்பு, என்ன வயது, ஆணா பெண்ணா என்ற பதிவு பெரும்பாலும் இல்லாதவை. அளந்து பழக அவை போதும். ஒப்பீட்டுத் தரவாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். பால் தெரியாத எலும்பைக் கொண்டு பால் வரம்பு போடுவது, பல்லி விழுந்த பலனைப் பார்ப்பதைப் போலத்தான்.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது

ஆண்பிள்ளைகளுக்குப் பருவ வளர்ச்சி பெண்பிள்ளைகளைவிடச் சராசரியாக இரண்டு ஆண்டு பிந்தி வருகிறது. அந்தக் கூடுதல் காலம் முழுவதும் எலும்பு நீளுகிறது. கூடவே டெஸ்டோஸ்டிரோன் எலும்பின் வெளிப்புறத்தில் புதுப்படலம் சேர்த்துத் தடிமனாக்குகிறது. ஆகவே ஆணின் எலும்பு நீளத்திலும் தடிப்பிலும் மூட்டு அகலத்திலும் பெரிதாக இருக்கும் வாய்ப்பு அதிகம். வாய்ப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். குள்ளமான ஆணும் நெடிய பெண்ணும் எல்லா ஊரிலும் உண்டு.

மூன்று பரிமாணங்களில் எது நம்பகம் என்பதில் அனுபவசாலிகளிடையே பெரிய சண்டை இல்லை: மூட்டு முனைகள். எலும்பு நீளுவதற்கு இடம் தரும் வளர்ச்சித் தகடு தண்டோடு இணைந்த பிறகு மூட்டுப் பரப்பின் அளவு பெரிதாக மாறாது. எலும்பின் நடுத்தண்டு அப்படியல்ல, வாழ்நாள் முழுதும் உழைப்புக்கேற்பத் தடிக்கும். 1930களில் சிங்கப்பூர்க் கட்டுமானத் தளங்களில் காவடித் தண்டில் மண் சுமந்த சம்சுய் பெண்களை நினைத்துப் பாருங்கள். அப்படி உழைத்த ஒருவரின் நடுத்தண்டு விட்டத்தை, நாற்காலியில் உட்கார்ந்து வேலைபார்த்த ஆண்களின் தரவோடு ஒப்பிட்டால் விடை தடுமாறத்தான் செய்யும். அவரின் மூட்டு முனை அவ்வளவு ஏமாற்றாது.

முதல் படி: எந்த எலும்பு, எந்தப் பக்கம், வளர்ந்தவரா

கையில் மூன்று நீள எலும்புகள். தோளிலிருந்து முழங்கைவரை ஹியூமரஸ் என்னும் மேற்கை எலும்பு. முன்கையில் பெருவிரல் பக்கம் ரேடியஸ் என்னும் ஆரை எலும்பு, சுண்டுவிரல் பக்கம் அல்னா என்னும் அரந்தி எலும்பு.

பக்கம் அறிவது இப்படி. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை உடலின் உட்பக்கம் பார்க்கும், கீழ்முனையில் உள்ள ஆழமான குழி பின்பக்கம் இருக்கும். குழி உங்களைப் பார்த்து, தலை மேலே இருக்கும்படி பிடியுங்கள். தலை இடப்புறம் திரும்பியிருந்தால் இடது எலும்பு இல்லை, வலது எலும்பு. ஏனென்றால் நீங்கள் அந்த மனிதரை முதுகுப்பக்கமிருந்து பார்க்கிறீர்கள், அவரது வலக்கை உங்கள் வலப்பக்கம், உடலின் நடுப்பகுதி இடப்பக்கம். மாணவர்கள் இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். ஆரையில், தலைக்குக் கீழே உள்ள முண்டு உட்பக்கம் நோக்கும், கீழ்முனைக் கூர்ப்பு வெளிப்பக்கம். அரந்தியில், ஆரையின் தலை உட்காரும் சிறு பள்ளம் வெளிப்பக்கம்.

வழக்கம் இடது எலும்பை அளப்பது. இடது இல்லையென்றால் வலதை அளந்து, வலது என்று எழுதிவையுங்கள். பெரும்பாலானோர் வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் என்பதால் வலது மேற்கை எலும்பு ஓரிரு மில்லிமீட்டர் நீளமாகவும் சற்றுத் தடிப்பாகவும் இருப்பது சாதாரணம். இடது எலும்பின் அளவிலிருந்து பால் கணிக்க எழுதிய சூத்திரத்தில் வலதைப் போட்டால், விடை ஆண் பக்கம் மெல்லச் சாயும்.

அடுத்து வயது. மேற்கை எலும்பின் தலை தண்டோடு இணைவதும், ஆரையின் மணிக்கட்டு முனை இணைவதும் பதின்ம வயதின் பிற்பகுதியில் தொடங்கி இருபதை ஒட்டி முடியும். அந்த இணைப்புக் கோடு திறந்தே இருந்தால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். 16 வயதுப் பையனின் எலும்பு, வளர்ந்த பெண்ணின் எலும்பு மாதிரியே அளவு காட்டும்.

இரண்டாம் படி: எலும்பின் நிலை

எலும்பு உலர்ந்திருக்க வேண்டும். ஈர எலும்பு உலரும்போது நீளத்தில் ஓரிரு மில்லிமீட்டர் குறையும். உலகின் சூத்திரங்களில் பெரும்பாலானவை உலர் எலும்பில் எழுதப்பட்டவை. மூட்டில் குருத்தெலும்பு ஒட்டியிருந்தால் தலை விட்டம் பொய்யாகக் கூடும். நம்மூர் ஈரப்பதத்தில் எலும்பு தானாக உலர நாளாகும், குளிர்சாதன அறையில் காற்றோட்டமான தட்டில் வைத்து உலரவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் தண்டு நெடுக வெடிக்கும்.

மூட்டுவாதத்தால் தலையின் விளிம்பில் படர்ந்த எலும்பு முளைகள், ஒட்டிய பழைய எலும்பு முறிவு, வளைந்த தண்டு, மண் அரித்த விளிம்பு, இவற்றையெல்லாம் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அரித்த இடத்தில் அளவை ஊகித்துக் கூட்டிப் போடுவது தவறு. அந்த அளவை விட்டுவிட்டு மற்றதை எடுங்கள்.

எரிந்த எலும்பு தனிக் கதை. வெப்பம் 700 டிகிரியைத் தாண்டும்போது எலும்பு சுருங்கும், வளையும், வெடிக்கும். சில எலும்புகளில் சுருக்கம் பத்து விழுக்காட்டையும் தாண்டும். எரியாத எலும்புக்கு எழுதிய வரம்பை அதற்குப் போட்டால் ஆண்கள் எல்லாரும் பெண்களாகிவிடுவார்கள்.

மூன்றாம் படி: கருவிகள்

நீளத்துக்கு எலும்பளவைப் பலகை வேண்டும். செருப்புக் கடையில் பாதம் அளப்பார்களே, அந்த மாதிரி: ஒரு முனையில் அசையாத நிலைப்பலகை, மறுமுனையில் நகரும் பலகை, இடையில் மில்லிமீட்டர் அளவுகோல். அகலம், விட்டம் எல்லாவற்றுக்கும் 150 மி.மீ. டிஜிட்டல் காலிப்பர் போதும். நடுத்தண்டுச் சுற்றளவுக்கு நீளாத நாடா. தையல் நாடா நாளடைவில் நீண்டுவிடும், வேண்டாம்.

டிஜிட்டல் காலிப்பர் 0.01 மி.மீ. வரை எண் காட்டுகிறதே என்று மயங்காதீர்கள். எலும்பில் அந்தத் துல்லியம் கிடையாது, 0.1 மி.மீ. வரை எழுதினால் போதும். ஒவ்வொரு அமர்விலும் தாடைகளை, அதாவது காலிப்பரின் இரு பிடிகளை, மூடி பூஜ்யம் சரிபாருங்கள். தாடைக்கு நடுவே ஒரு மண்துகள் இருந்தாலும் எல்லா அளவும் ஒரே பக்கம் பிசகும். முறைப்படி சரிபார்க்க அளவுக்கட்டைகள் உண்டு. அவசரத்துக்குச் சட்டைப்பையைப் பாருங்கள்: 2013இல் வந்த மூன்றாம் வரிசை நாணயங்களில் ஒரு வெள்ளி 24.65 மி.மீ., 50 காசு 23.00, 20 காசு 21.00. தேயாத நாணயத்தை அளந்து இந்த எண் வரவில்லை என்றால், கோளாறு காலிப்பரிலோ உங்கள் கையிலோ இருக்கிறது. ஆரை எலும்பின் தலையும் ஏறக்குறைய இதே அளவுதான் என்பதால், கண்ணுக்கும் நல்ல பயிற்சி.

நான்காம் படி: அளவுகள் ஒவ்வொன்றாக

மேற்கை எலும்பின் முழு நீளம். எலும்பைப் பலகையில் கிடத்தி, தலையை நிலைப்பலகையில் ஒட்டி, நகரும் பலகையைக் கீழ்முனையில் சேருங்கள். பிறகு எலும்பை மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெதுவாக அசையுங்கள். எண் ஏறி இறங்கும், அதில் மிகப் பெரியதே முழு நீளம். பலகைக்கு இணையாக அழகாக வைத்து அளப்பவர்கள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைத்து எழுதிவிடுகிறார்கள். நீளம் அளக்க எளிது, ஆனால் பால் பிரிப்பதில் சுமார்தான், ஏனென்றால் அது உயரத்தோடு ஒட்டியே ஓடுகிறது.

தலையின் செங்குத்து விட்டம். இந்த வழிகாட்டியில் ஓர் அளவை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொள்வதாக இருந்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். மூட்டுப் பரப்பின் விளிம்பில் மிக மேலான புள்ளிக்கும் மிகக் கீழான புள்ளிக்கும் இடையே உள்ள நேர் தூரம். தலையைப் பார்த்தால் வழவழப்பான பகுதி முடிந்து சொரசொரப்பு தொடங்கும் இடத்தில் ஒரு கோடு தெரியும், அதுதான் விளிம்பு. விரல்நகத்தை மெதுவாக இழுத்தால் அந்தக் கோட்டில் தட்டும். காலிப்பரின் இரு தாடை முனைகளும் அந்தக் கோட்டின் மீது உட்கார வேண்டும், அதைத் தாண்டிக் கழுத்துப் பகுதிக்கு நழுவக்கூடாது. நடக்கும் தவறுகள் மூன்று. முதலாவது, செங்குத்துக்குப் பதில் குறுக்கு விட்டத்தை எடுப்பது. தலை முழு வட்டம் இல்லை, குறுக்கு விட்டம் பொதுவாகச் சிறிது. இரண்டாவது, மூட்டுவாத முளைகளையும் சேர்த்து அளப்பது. மூன்றாவது, அழுத்துவது. பழைய எலும்பின் விளிம்பு மென்மையானது, தாடையை இறுக்கினால் அளவும் குறையும், எலும்பும் நொறுங்கும்.

கீழ்முனை அகலம். முழங்கையின் இருபுறமும் புடைத்திருக்கும் முண்டுகளின் வெளிமுனைகளுக்கு இடைப்பட்ட தூரம். உட்பக்க முண்டு பெரிது, பின்புறம் சற்றுச் சாய்ந்திருக்கும். அதன் உச்சியைப் பிடிக்காமல் நடுவில் பிடித்தால் அளவு குறையும். காலிப்பரைவிடப் பலகையில் அளந்தால் பிசகு குறைவு. தலை அரித்துப்போய்க் கீழ்முனை மட்டும் மிஞ்சிய எலும்புகளில் இந்த அளவுதான் கைகொடுக்கும்.

நடுத்தண்டு விட்டங்கள். நீளத்தில் சரிபாதி இடத்தைப் பென்சிலால் குறித்து, அங்கே எலும்பைக் காலிப்பருக்குள் சுழற்றி மிகப் பெரிய விட்டத்தையும் மிகச் சிறிய விட்டத்தையும் எடுங்கள். தோள்தசை ஒட்டும் மேடு இதன் அருகிலேயே முடிகிறது. பாதியைக் கண்ணால் மதிப்பிட்டு மேலே போய்விட்டால் அந்த மேடும் அளவில் சேர்ந்துவிடும்.

ஆரை எலும்பில் தலையின் மிகப் பெரிய விட்டமே முக்கியம்: காலிப்பருக்குள் தலையைச் சுழற்றி உச்ச எண்ணை எடுங்கள். முழு நீளம் தலையின் மேற்பரப்பிலிருந்து கீழ்க் கூர்முனைவரை. கூர்முனை உடைந்திருந்தால் நீளம் கிடையாது.

அரந்தியில் இரண்டு நீளங்கள் உண்டு, இவற்றைக் குழப்பியே பல அறிக்கைகள் கெட்டிருக்கின்றன. முழு நீளம் முழங்கை முனையின் உச்சியிலிருந்து கீழ்க் கூர்முனைவரை. உடலியங்கு நீளம் பிறைவடிவப் பள்ளத்தின் கீழ்த்தளத்தில் மிக ஆழமான புள்ளியிலிருந்து, கூர்முனையை விட்டுவிட்டு, கீழ்த்தலையின் அடிவரை. அரந்தியின் கூர்முனை எளிதில் உடைவதால் இரண்டாவது அளவு அடிக்கடி உதவும். எந்தச் சூத்திரம் எந்த நீளத்தைக் கேட்கிறது என்பதைப் பார்த்துப் போடுங்கள்.

ஐந்தாம் படி: உங்கள் கையைச் சோதியுங்கள்

பத்து எலும்புகளை எடுத்து ஒவ்வொன்றின் தலை விட்டத்தையும் அளந்து தாளை மூடிவையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பழைய எண்ணைப் பார்க்காமல் மறுபடி அளந்துபாருங்கள். ஒவ்வொரு எலும்பிலும் வந்த வேறுபாட்டை வர்க்கப்படுத்திக் கூட்டி, எலும்பு எண்ணிக்கையின் இருமடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது அளவைப் பிழை.

பயிற்சிக் கணக்கு: வேறுபாடுகள் 0.2, 0.1, 0.3, 0, 0.2, 0.4, 0.1, 0.2, 0.3, 0.1 மி.மீ. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 0.49. இருபதால் வகுத்தால் 0.0245. வர்க்கமூலம் சுமார் 0.16 மி.மீ. தலை விட்டச் சராசரி 42 என்றால் பிழை 0.4 விழுக்காட்டுக்கும் கீழே. ஒரு விழுக்காட்டைத் தாண்டினால் வழக்குக்கு அளக்க வேண்டாம், பழகுங்கள். இன்னொருவரோடு சேர்ந்தும் இதே சோதனையைச் செய்யுங்கள். இருவருக்குள் எப்போதும் ஒரே திசையில் வேறுபாடு வந்தால், விளிம்பை இருவரும் வெவ்வேறு இடத்தில் பார்க்கிறீர்கள் என்று பொருள்.

ஆறாம் படி: யாரோடு ஒப்பிடுவது

அளவு சரியாக இருந்து, ஒப்பீடு தவறானால் எல்லாம் வீண். பாடநூல்களில் அதிகம் அடிபடும் வரம்பு 1979இல் ஸ்டீவர்ட் கொடுத்தது: மேற்கை எலும்புத் தலையின் செங்குத்து விட்டம் 43 மி.மீ.க்குக் கீழே பெண், 47க்கு மேலே ஆண், இடைப்பட்டது சந்தேகம். ஆரைத் தலைக்கு 1989இல் பெரிஸ்பெய்தியா கொடுத்தது: 21 மி.மீ. வரை பெண், 24 முதல் ஆண். அமெரிக்க எலும்புகளுக்கு எழுதியவை இவை. சிறிய உடல்வாகு உள்ள தென்கிழக்காசிய, தென்னிந்திய ஆண்களின் எலும்புகளுக்கு இவற்றை அப்படியே போட்டால் பிழை ஒரே திசையில் போகும்: ஆண்கள் பெண்களாக எழுதப்படுவார்கள். 20 காசு நாணயத்தைவிடத் தலை சிறிதாக இருந்தால் பெண் என்று எழுதும் பழக்கம் சிங்கப்பூரில் ஆபத்தானது.

ஆசியா என்று ஒரே சொல்லில் அடக்குவதும் உதவாது. 1998இல் இஷ்ஜானும் கூட்டாளிகளும் சீனர், ஜப்பானியர், தாய்லாந்தினர் மேற்கை எலும்புகளை ஒப்பிட்டார்கள். சரியாகப் பிரிந்த விகிதம் சீனரிடம் சுமார் 87, ஜப்பானியரிடம் 92, தாய்லாந்தினரிடம் 97 விழுக்காடு. தனி அளவுகளில் சீனருக்குத் தலை விட்டமும் மற்ற இருவருக்கும் கீழ்முனை அகலமும் சிறந்து நின்றன. பக்கத்துப் பக்கத்து நாடுகளிலேயே இந்த நிலை.

2020 மக்கள்தொகைக் கணக்கின்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர் 74.3, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9.0 விழுக்காடு. இதற்கு மேல் பங்ளாதேஷ், தமிழ்நாடு, மியன்மார், சீனாவிலிருந்து வந்த ஊழியர்கள். யாருடைய எலும்பு என்று தெரியாதபோது ஒரே சூத்திரத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள். பொருந்தக்கூடிய ஒவ்வொரு மக்கள் தரவையும் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே விடை வந்தால் அந்த விடைக்கு வலு உண்டு. சீனர் தரவில் பெண், தென்னிந்தியர் தரவில் ஆண் என்று வந்தால், அறிக்கையில் இரண்டையும் எழுதுங்கள், பிடித்ததைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

காலமும் ஒரு விஷயம். நூறாண்டுக்கு முன் பிறந்தவர்களின் சேகரிப்பில் எழுதிய வரம்பை, இன்று நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த இளம்பெண்ணின் எலும்புக்குப் போட்டால் ஆண் என்று வரக்கூடும். தரவு எந்தத் தலைமுறையினருடையது என்று பார்க்காமல் சூத்திரத்தை எடுக்காதீர்கள்.

ஏழாம் படி: கணக்கு, சாம்பல் பட்டை

இங்கே ஒரு பயிற்சிக் கணக்கு. எண்கள் கணக்கு காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை, எந்த மக்களின் தரவும் அல்ல. தலை விட்டத்தில் ஆண் சராசரி 44, பெண் சராசரி 39, இருவருக்கும் திட்டவிலக்கம் (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது) 2.2 மி.மீ. என்று கொள்வோம். நடுப்புள்ளி 41.5. அதற்கு மேலே ஆண், கீழே பெண் என்று வைத்தால் நூற்றுக்கு 87 சரியாக வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் உங்கள் முன் இருப்பது நூறு எலும்பு இல்லை, ஒன்று. அதன் நிகழ்தகவு வேண்டும். சராசரிகளின் வித்தியாசம் 5ஐத் திட்டவிலக்கத்தின் வர்க்கமான 4.84ஆல் வகுத்தால் 1.033. இதை, அளவு நடுப்புள்ளியைத் தாண்டிய தூரத்தால் பெருக்குங்கள். 43 மி.மீ. எலும்புக்கு 1.5 × 1.033 = 1.55. இப்போது 2.718ஐ 1.55 அடுக்குக்கு உயர்த்தினால் 4.71. ஆண் என்பதற்கான வாய்ப்பு பெண்ணைவிட 4.71 மடங்கு, அதாவது 82.5 விழுக்காடு. ஐந்தில் நான்கு என்பது நீதிமன்றத்தில் எழுந்து நின்று சொல்லக்கூடிய எண் இல்லை.

இதே எலும்பை 42 என்று அளந்திருந்தால் 63 விழுக்காடு, 44 என்று அளந்திருந்தால் 93. ஒரே மில்லிமீட்டர், விடை எங்கோ போய்விடுகிறது. விளிம்பைப் பற்றி மேலே அவ்வளவு நீட்டியதற்குக் காரணம் இதுதான்.

95 விழுக்காடு உறுதி வேண்டுமென்றால் நடுப்புள்ளியிலிருந்து 2.85 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும்: 44.35க்கு மேலே ஆண், 38.65க்குக் கீழே பெண். இடைப்பட்ட 5.7 மி.மீ. முழுவதும் சாம்பல் பட்டை, உறுதியாக எதுவும் சொல்ல முடியாத பகுதி. இந்தக் கணக்கில் ஆண்களில் நூற்றுக்கு 44 பேர்தான் ஆண் பக்கக் கோட்டைத் தாண்டுவார்கள், பாதிக்கு மேற்பட்டவர்கள் பட்டைக்குள்ளேயே நிற்பார்கள். துல்லியம் 87 விழுக்காடு என்று விளம்பரப்படுத்தும் சூத்திரத்தின் உள்ளே இருக்கும் கதை இது. எனவே கட்டுரையில் துல்லிய எண்ணைப் பார்த்தவுடன் சராசரி, திட்டவிலக்கம் இரண்டையும் தேடி எடுத்து, சாம்பல் பட்டையை நீங்களே வரையுங்கள்.

பல அளவுகளைச் சேர்த்தால் பட்டை குறுகும். அதற்குத்தான் 1936இல் ஃபிஷர் தந்த பிரித்தறி சார்பு, பல அளவுகளை ஒரே எண்ணாக்கி இரு குழுக்களைப் பிரிக்கும் சூத்திரம். அதே ஆண்டில் இந்தியப் புள்ளியியலாளர் மகலனோபிஸ், குழுக்களுக்கிடையே உள்ள இடைவெளியை அளக்கும் தன் தூர அளவையைப் பொதுமைப்படுத்தி எழுதினார், கொல்கத்தாவில் மனித உடல் அளவுகளை ஒப்பிடும் வேலையிலிருந்து பிறந்த கணிதம் அது. இன்றும் எலும்பு மென்பொருள்களின் அடியில் ஓடுவது அதுவே. ஜெர்மனியில் 2001இல் மாலும் கூட்டாளிகளும் எல்லா அளவுகளையும் சேர்த்துப் போட்டபோது ஆரையில் சுமார் 95, மேற்கையில் 93, அரந்தியில் 91 விழுக்காடு சரியாகப் பிரிந்தன.

சேர்க்கும்போது பலரும் விழும் குழி ஒன்று உண்டு. மேற்கை எலும்பு 80 விழுக்காடு ஆண், ஆரை 80, அரந்தி 80, மூன்றையும் பெருக்கிப் பார்த்தால் 98 என்று கணக்குப் போடுவது. மூன்றும் ஒரே உடம்பின் எலும்புகள். பெரிய உடல்வாகுள்ள பெண்ணுக்கு மூன்றுமே பெரிதாக இருக்கும், மூன்று சாட்சிகளும் ஒரே வீட்டுக்காரர்கள். அளவுகளுக்கிடையே உள்ள தொடர்பைக் கணக்கில் எடுக்கும் சூத்திரத்தையே பயன்படுத்துங்கள்.

நீங்களே சூத்திரம் உருவாக்குவதானால், ஆண், பெண் ஒவ்வொன்றுக்கும் 50 எலும்புகளாவது இல்லாமல் தொடங்காதீர்கள். துல்லியத்தை, ஒவ்வொரு எலும்பையும் மாறி மாறி வெளியே எடுத்து மற்றதைக் கொண்டு சோதிக்கும் முறையில் கணக்கிடுங்கள். உருவாக்கிய எலும்புகளிலேயே சோதித்தால் எண் எப்போதும் அழகாகத்தான் வரும். ஆண் துல்லியத்தையும் பெண் துல்லியத்தையும் தனித்தனியே எழுதுங்கள். ஆண் 97, பெண் 79 என்றால் சராசரி 88 என்று சொல்லி மறைக்கக்கூடாது. இடைவெளி ஐந்தைத் தாண்டினால் நடுப்புள்ளி ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது.

கண்ணால் பார்க்கும் முறையும் ஒன்று உண்டு. மேற்கை எலும்பின் கீழ்முனையில் கப்பி வடிவ மூட்டு, பின்குழியின் வடிவும் ஆழமும், உட்பக்க முண்டின் கோணம் ஆகியவற்றைப் பார்ப்பது. 1999இல் ராஜர்ஸ் 92 விழுக்காடு என்றார், 2005இல் வேறு சேகரிப்பில் சோதித்தபோது 79 வந்தது. சாம்பல் பட்டையில் மாட்டிய எலும்புக்குத் துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: அறிக்கை

எந்த எலும்பு, எந்தப் பக்கம், என்ன நிலை, என்ன அளவு, அளவைப் பிழை எவ்வளவு, எந்த மக்கள் தரவு, நிகழ்தகவு எவ்வளவு, தொடக்கத்தில் ஆண் பெண் வாய்ப்பை எப்படி வைத்தீர்கள், இவை எல்லாம் இடம்பெற வேண்டும். தொடக்க வாய்ப்பு சரிபாதி என்றே வையுங்கள். "எலும்பு கிடைத்தது கட்டுமானத் தளம், ஆணாகத்தான் இருக்கும்" என்ற எண்ணம் உங்கள் கணக்குக்குள் சத்தமில்லாமல் நுழையக்கூடாது. அதை எடைபோடுவது விசாரணை செய்பவரின் வேலை.

வாசகம் இப்படி இருக்கலாம்: "இடது மேற்கை எலும்பு, வளர்ச்சித் தகடுகள் முழுதும் இணைந்தவை. தலைச் செங்குத்து விட்டம் 44.6 மி.மீ., மூன்று முறை அளந்ததன் சராசரி. பயன்படுத்திய இரு மக்கள் தரவுகளிலும் ஆண் என்பதற்கான நிகழ்தகவு 95 விழுக்காட்டுக்கு மேல். ஆண் என்று மதிப்பிடப்படுகிறது." பட்டைக்குள் விழுந்தால் "தீர்மானிக்க இயலவில்லை" என்று எழுதுங்கள். காணாமற்போனவர் பட்டியலில் பாதியைத் தவறாக வெட்டிவிடும் விடையைவிட, விடை இல்லாதது காவல்துறைக்கு உதவும்.

மரபணுச் சோதனைக்கு வழி இருந்தால் அது நடக்கும், உங்கள் அறிக்கை அதோடு ஒப்பிடப்படும். இரண்டும் முரண்பட்டால் உடனே உங்கள் அளவைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். பால் அறிய வழக்கமாகப் பார்க்கும் அமெலோஜெனின் என்னும் மரபணுவின் ஒய் குரோமோசோம் பகுதி, ஆண்களில் ஒரு சிறு பங்கினருக்கு இயல்பாகவே இல்லை. சிங்கப்பூர், மலேசிய மக்களிடையே இது ஆராயப்பட்டிருக்கிறது, இந்திய வம்சாவளி ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. அந்தச் சோதனையில் அவர்கள் பெண் என்று தெரிவார்கள். எலும்பு பட்டைக்கு வெளியே தெளிவாக ஆண் பக்கம் நிற்க, அமெலோஜெனின் பெண் என்று சொன்னால், ஒய் குரோமோசோமின் வேறு குறியீடுகளையும் பார்க்கும்படி அறிக்கையில் ஒரு வரி சேர்த்து, அளவெடுத்த படங்களையும் இணைத்து அனுப்புங்கள்.